மொரிஸ் மைனர்: கார் நின்றது, சாமான் விற்றது

அமெரிக்கர்களுக்கு மஸ்டாங் எப்படியோ, நம் நாட்டவருக்கு மொரிஸ் மைனர் அப்படி. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இங்கே அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் கிடைக்காமல் பழையதையே திருத்தித் திருத்தி ஓடினோம். அந்தக் கைப்பழக்கமே பிறகு தொழிலானது என்பேன்.

1990களில் இலங்கைத் தொழிற்சாலையொன்று மொரிஸ் மைனரின் உடற்தகடுகளைச் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த சார்ள்ஸ் வெயாரின் நிலையத்துக்கு ஏற்றுமதி செய்தது. கார் செய்த நாட்டுக்கே நாம் சாமான் விற்றோம்!

காத்தான்குடி, ஏறாவூர் உதிரிப்பாக வியாபாரிகள் கவனிக்க வேண்டிய சங்கதி இது. பழைய மாடல் சாமானுக்குப் போட்டி குறைவு. ஆனால் மெதுவாகத்தான் விற்கும், முதல் முடங்கும். எது அடிக்கடி தேய்கிறதென்று கராஜ் பாஸ்மாரிடம் விசாரித்த பிறகே வாங்கி அடுக்குங்கள்.