பனிக்காலமும் பழஞ்சேலையும்

மார்கழி பிறந்துவிட்டால் மொன்றியலில் பிற்பகல் நாலேகாலுக்கே பொழுது பட்டுவிடுகிறது. வேலையால் வந்து, பிள்ளைகளின் ஈரச் சப்பாத்துகளை வாசலில் ஒதுக்கி, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தால், யன்னலுக்கு வெளியே நடுச்சாமம் போன்ற இருட்டு. இந்த நீண்ட மாலைகளில் ஊசி நூலோடு உட்காரும் பழக்கம் நம்மவரிடையே பலருக்கு உண்டு. கிழிந்ததைத் தைப்பது, நீளக் காற்சட்டையை மடிப்பது போன்ற கட்டாய வேலை ஒரு வகை. அதை விட்டு, விருப்பத்துக்கென்று தைப்பது மற்றொரு வகை. அந்த இரண்டாவது வகையில் கியூபெக் மாகாணத்துக்கு மிகவும் பொருந்தியது 'குயில்ட்' எனப்படும் ஒட்டுப் போர்வை.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டு துண்டாக வெட்டி இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. இம்மூன்றையும் நழுவாமல் பிடித்து வைப்பது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல். இங்குள்ள பிரெஞ்சு மக்கள் இதைக் 'கூர்த்புவான்த்' என்பர். இச்சொல்லும் ஆங்கிலச் சொல்லும் மெத்தையைக் குறித்த ஒரே இலத்தீன் சொல்லின் வழி வந்தவை. நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் வங்காளப் பெண்களின் 'காந்தா'வும், வடமொழிக் 'கந்தா'வும், நாம் சற்று இளக்காரமாகச் சொல்லும் 'கந்தை'யும் ஒரே குடும்பத்துச் சொற்கள். துணியை வெட்டித் துணிமேல் வைத்துத் தைப்பதும் நமக்குப் புதிதன்று. தஞ்சை, கும்பகோணப் பகுதிக் கைவினைஞர் தைக்கும் தேர்ச்சீலைகளையும், தேரில் தொங்கும் தொம்பைகளையும் நினைத்துப் பார்த்தால் போதும்.

சரி, ஒரு போர்வைக்கு எவ்வளவு துணி வேண்டும்? கணக்குப் பார்ப்போருக்கு இது ஒரு மகிழ்ச்சியான விடயம். ஆறு யார் சேலை 216 அங்குல நீளம். அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். அதை நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டினால் 480 சதுரங்கள் கிடைக்கும். ஒன்பது சதுரங்களை மூன்று வரியாக இணைத்தால் பன்னிரண்டு அங்குலக் கட்டம் ஒன்று ஆயிற்று. குறுக்கே ஐந்தும் நெடுக்கே ஏழுமாக 35 கட்டங்கள் சேர்ந்தால் ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் கொண்ட, ஒருவர் தாராளமாகப் போர்க்கக்கூடிய போர்வை. மொத்தம் 315 சதுரம். கடுஞ்சிவப்பு ஐந்தும் வெளிர் நிறம் நாலுமாக மாற்றி மாற்றி வைத்தால் சிவப்பில் 175, வெளிரில் 140. இரண்டு பழைய பருத்திச் சேலைகளில் வேலை முடிந்து, அடித்துணிக்கும் தலையணை உறைக்கும் மிச்சம் இருக்கும்.

வெட்டுவதில் அல்ல, தைப்பதில்தான் சிக்கல். சதுரங்களின் ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். குறுக்கே பதினைந்து சதுரம் என்றால் இடையே பதினாலு தையல். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகும். பதினாலு தையலுக்கு ஒன்றே முக்கால் அங்குலம்! ஒரு வரி இப்படியும் அடுத்த வரி சரியாகவும் தைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. அப்போது தையலைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அனுபவப்பட்டவர்கள் தையல் மெசினின் தட்டில் கால் அங்குல எல்லைக்கு ஒரு நிற நாடாவை ஒட்டிவிடுகிறார்கள். காசில்லாத வைத்தியம், ஆனால் கைகண்ட வைத்தியம்.

நவராத்திரி கழிந்து தொடங்கி, கிழமைக்கு ஒரு கட்டம் தைத்தால் 35 கிழமையில், அதாவது ஆனி மாதத்துக்குள், மேல்துணி முடிந்துவிட வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். நடைமுறையில், ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம் வருகிறது. கார்த்திகையில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது ஒவ்வொருவராகச் சுற்றி மார்கழியில்தான் போகும். தையில் பனி அள்ளியே தோள் போய்விடுகிறது. சனிக்கிழமை என்றால் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் சங்கீத வகுப்புக்கும் ஏற்றி இறக்கும் நாள். சாப்பாட்டு மேசைதான் தையல் மேசையும் என்றால், ஒவ்வோர் இரவும் விரித்ததை ஒவ்வொரு காலையும் மடித்து வைக்க வேண்டும். இடையில் யாரோ ஒருவருக்குக் குழந்தை பிறக்கிறது. பெரிய போர்வையை நிறுத்திவிட்டு அதற்கொரு சின்னப் போர்வை தொடங்கப்படுகிறது. சின்னது முடிவதற்குள் அந்தக் குழந்தை தவழத் தொடங்கிவிடும்.

இவ்வாறு பாதியில் நிற்கும் வேலைகளுக்கு வட அமெரிக்கத் தையற்காரர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'யூ.எஃப்.ஓ.' ஆகாயத்தில் பறக்கும் மர்மத் தட்டுக்கு உரிய அதே மூன்று எழுத்துகள்தாம். இங்கே அவற்றுக்கு 'முடியாத பொருள்' என்று பொருள். அலுமாரிக்குள் மூன்று யூ.எஃப்.ஓ. இல்லாத தையற்காரர் அரிது.

மொன்றியலில் இவற்றுக்கு வேறொரு கண்டமும் உண்டு. அதுதான் யூலை முதலாந் திகதி. 1970களில் சட்டம் மாறும் வரை மே முதலாந் திகதியாக இருந்த வீடு மாறும் நாள், அதன் பின்பு யூலைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அன்றோடு முடிகின்றன. நகரமே கட்டிலையும் குளிர்ப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும் அந்த நாளில், பன்னிரண்டு கட்டங்கள் மட்டும் தைத்து முடித்த பொட்டலம் எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? வெட்டிய துண்டுகள், மீதித் துணி, நூல், மாதிரிப் படம் ஆகிய நான்கையும் ஒரே பையில் போட்டு, வெளியே பெரிய எழுத்தில் எழுதி வைப்பவர்களே தப்புகிறார்கள். மாதிரிப் படம் தொலைந்தால், எஞ்சிய துண்டுகள் வெறும் துண்டுகள்தான்.

இதையெல்லாம் விடக் கடினமான ஒரு கேள்வி இருக்கிறது. அம்மாவின் சேலையை வெட்டலாமா?

1983க்குப் பின்பு இலங்கையிலிருந்து இந்நகரத்துக்கு வந்தவர்களில் பலர் ஒரு பையோடு வந்தவர்கள். அந்தப் பையில் வந்த ஒரு சேலை, ஒரு சால்வை, ஒரு சாரம் ஆகியவை இன்று துணி மட்டும் அல்ல. அவற்றில் கத்தரிக்கோலை வைக்கக் கை நடுங்குவது இயல்பே. வெட்டக்கூடாது என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் பட்டு என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பது சரியன்று. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு, மடிப்பின் ஓரமாகவே வெடிக்கும். வெளிச்சம் நிறத்தைத் தின்னும். ஈரம் சரிகையைக் கறுக்கச் செய்யும். எனவே வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஆண்டுக்கு இரு தடவையாவது எடுத்து விரித்து, வேறு மடிப்பில் மடித்து வைப்பது அவசியம். வெட்டுவதென்று முடிவு செய்தால், உடலை மட்டும் எடுத்துக்கொண்டு முந்தானையையும் கரையையும் முழுதாக வைத்துவிடுவது ஒரு நடுவழி. முந்தானையைக் கண்டால் சேலையைக் கண்ட மாதிரித்தான்.

வெட்டுமுன் சில முன்னேற்பாடுகள் வேண்டும். விரலிடையே பிடித்து மெதுவாக இழுக்கும்போதே கிழிகிற பட்டைப் போர்வைக்குப் பாவிக்கக் கூடாது. அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். திடமாக உள்ள பட்டுக்கும், வெட்டுமுன் பின்புறத்தில் சூட்டில் ஒட்டும் மெல்லிய உள்துணியை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பிரிந்து நூலாகிவிடும். ஸ்திரிக்கைப் பெட்டியின் சூடு குறைவாக இருக்கட்டும். சரிகை உள்ள இடம் ஊசியை மழுக்கும், நூலை அறுக்கும். பருத்தியாயின், கடுநிறச் சேலையை ஒரு வெள்ளைத் துணியோடு குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி சிவந்தால், நாளைக்குப் போர்வையும் சிவக்கும்.

பட்டுத் துண்டுகளை இணைத்துத் தைத்த மிகப் பழைய போர்வை ஒன்று இந்நகரிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஷேர்புறூக் வீதி மேற்கில், மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள மக்கோர்ட் நூதனசாலையில், 1726 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுவேலை விரிப்பு பாதுகாக்கப்படுகிறது. ஆண்டு பொறித்தவற்றுள் வட அமெரிக்காவில் உள்ள மிகப் பழையவற்றில் அது ஒன்று. அத்திலாந்திக்குக்கு அப்பால் தைக்கப்பட்டு இங்கு வந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. வெளிச்சம் பட்டால் பழுதாகும் என்பதால் இத்தகைய பொருள்கள் எப்போதும் காட்சியில் வைக்கப்படுவதில்லை.

அந்த 1726 என்ற ஆண்டிலும் நமக்கு ஒரு தொடர்பு ஒளிந்திருக்கிறது. அக்காலத்தில் ஐரோப்பியர் கட்டில்களில் விரிக்க ஏங்கிய துணி, பழவேற்காடு, மசூலிப்பட்டினம், சென்னை ஆகிய சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து கப்பலேறிய சாயந்தோய்ந்த சீட்டித் துணி. துவைத்தாலும் வெளுக்காத அந்தச் சாயத்தின் இரகசியம் அங்குள்ளோருக்குப் பிடிபடவில்லை. உள்ளூர் நெசவாளர் எதிர்க்க, பிரான்சு 1686இல் இத்துணியைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 1722 நத்தாரிலிருந்து உடுப்புக்கு மட்டுமல்ல, வீட்டுத் தளபாடத்துக்கும் அச்சிட்ட பருத்தித் துணியைப் பாவிப்பது குற்றமாயிற்று. பிரான்சில் 1759இலும் இங்கிலாந்தில் 1774இலும்தான் தடை நீங்கிற்று. கிடைத்த துண்டை வீணாக்க மனமில்லாமல், பூவையும் பறவையையும் மட்டும் வெட்டி எடுத்து வெறுந்துணியில் பதித்துத் தைக்கும் ஒரு வகை வேலையும் இச்சீட்டியால் வளர்ந்தது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு நம் கரையோரச் சாயக்காரரின் கைத்திறன் இருந்தது என்க.

மொன்றியலிலிருந்து தெற்கே காரில் நாலைந்து மணி நேரம் போனால், எல்லைக்கு அப்பால் வெர்மான்ட் மாநிலத்தில் பெனிங்ரன் என்ற ஊர். அங்குள்ள நூதனசாலையில் இருப்பது ஜேன் ஸ்டிக்கிள் என்ற கமக்காரப் பெண்மணியின் போர்வை. ஐந்து அங்குலக் கட்டங்கள் 169. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஓரத்தைச் சுற்றி முக்கோணங்கள். மூலையில் அவர் தம் கையாலேயே தைத்து வைத்த செய்தி இவ்வளவுதான்: போர்க்காலம், 1863, துண்டுகள் 5602, பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. போரைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. துண்டுகளை மட்டும் எண்ணியிருக்கிறார். சில அங்குல நீளம் கூட இல்லாத துணித்துண்டுகளை ஐயாயிரத்து அறுநூற்றிரண்டு என்று எண்ணி முடித்த அந்த மனநிலை, வானொலிச் செய்திக்கும் தொலைபேசி மணிக்கும் இடையே ஊரை நினைத்து இரவுகளைக் கழித்த நம்மவருக்கு விளக்கம் இன்றியே புரியும். 1996இல் பிரெண்டா பபடாக்கிஸ் என்பவர் இக்கட்டங்களுக்கு மாதிரி வரைந்து புத்தகமாக வெளியிட்ட பின்பு, உலகெங்கும் பலர் இதை அப்படியே தைக்க முயல்கிறார்கள். மூலப் போர்வை ஆண்டுக்கொரு முறை, இலையுதிர் காலத்தில், சில கிழமைகளுக்கு மட்டும் வெளியே எடுக்கப்படுவது வழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது கனடியப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்பிய போர்வைகளோ இலட்சக்கணக்கில். அவற்றைத் தைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை.

அழகுக்காக மட்டும் தைப்பது என்று நினைப்பவர்களுக்கு 1998 சனவரியை நினைவூட்டலாம். பனிமழைப் புயலில் மின்கோபுரங்கள் மடிந்து விழ, கியூபெக்கில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருளில் இருந்தார்கள். தெற்குக் கரைக்கு அப்பால் சில இடங்களில் ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. இங்கு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சூடும் மின்சாரத்தால்தான். அந்த நாள்களில் அலங்காரத்துக்கு விரித்ததும், 'இன்னும் முடியவில்லை' என்று மடித்து வைத்ததும் ஒன்றுபோலப் போர்வைதான்.

தொடங்க விரும்புவோர் புது மெசின் வாங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்த அதே கறுப்புச் சிங்கர், பழைய பொருள் கடைகளில் இங்கும் அகப்படுகிறது. அதன் தொடர் இலக்கம் ஆங்கில 'ஜே' எழுத்தில் தொடங்கினால், அது பக்கத்து ஊரான சென் ஜோனில் 1986 வரை இயங்கிய தொழிற்சாலையில் செய்தது. சபனெல் வீதித் தையலாலைகளில் வேலை செய்த நம்மவர் பலருக்கு மெசினைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கோயில் மண்டபத்தில் ஒரு பிற்பகல் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கியூபெக் கிராமப் பெண்கள் 1915இலிருந்து 'செர்க்கிள் டெ ஃபெர்மியேர்' என்ற வட்டங்களில் கூடி இப்படித்தான் நெசவும் தையலும் பழகி வருகிறார்கள். கிழித்த பழந்துணி நாடாக்களைப் பாவாக்காமல் ஊடையாக ஓட்டி நெய்யும் அவர்களின் 'கத்தலோன்' விரிப்பு, கண்ட மாத்திரத்தில் நம் கைத்தறிக்காரருக்குப் பிடித்துப்போகும்.

முடித்த போர்வையின் பின்புற மூலையில் ஒரு வெள்ளைத் துண்டைத் தைத்து, அழியா மையால் எழுதுவது இவ்வூர் வழக்கம்: தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் பழஞ்சேலைகளால் தைக்கும் 'கவந்தி'யில் எழுத்துக்குப் பதில் நாலு மூலையிலும் மடித்த துணிப்பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி உடுப்பில்லாதது என்பது அவர்கள் பேச்சு. நம்மவர் தைப்பதில் தமிழிலேயே எழுதலாம். எந்தத் துண்டு யாருடைய சேலை என்று ஒரு சிறு படமும் வரைந்து அத்துடன் வைத்தால், பேரப்பிள்ளைகள் அடிக்கடி கேட்கப்போகும் கேள்விக்கு விடை கையோடு இருக்கும்.