கனி ஒன்று, சுளைகள் ஒன்பது



பலாப்பழத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ருட்டி நமக்குப் பக்கத்து ஊர். வெளியே பார்த்தால் ஒரே பழம். அறுத்தால் உள்ளே எத்தனையோ சுளைகள். தூய ஆவியாரின் கனியும் அப்படித்தான்.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், ஊனியல்பின் ‘செயல்கள்’ என்று பன்மையில் சொல்லும் புனித பவுல், ஆவியாரின் ‘கனி’ என்று ஒருமையில் சொல்கிறார். மூலமொழியான கிரேக்கத்திலும் ஒருமைதான். அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, நன்னயம், நம்பிக்கை, கனிவு, தன்னடக்கம் ஆகிய ஒன்பதும் ஒரே கனியின் சுளைகள். ஆகவே, “எனக்கு அன்பு நிறைய உண்டு, கோபத்தைத்தான் அடக்க முடியாது” என்று நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது.

வரங்கள் வேறு, கனி வேறு. வரங்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக அளிக்கப்படுகின்றன என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. குணமாக்கும் வரம் நமக்கு இல்லாமல் இருக்கலாம், அது குறையல்ல. ஆனால் கனி திருமுழுக்குப் பெற்ற எல்லாரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது. ஜெபக்கூட்டத்தில் வரங்களைத் தேடுகிற நாம், வீட்டில் கனியைத் தேடுகிறோமா?

பவுல் அடுக்கும் ஊனியல்பின் செயல்கள் 15. அவற்றில் பகைமை, சண்டை, பொறாமை, சீற்றம், கட்சி மனப்பான்மை, பிரிவினை, பிளவு, அழுக்காறு ஆகிய 8 உறவை முறிப்பவை. கலாத்தியச் சபையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் நிலை இருந்ததால்தான் அவர் இதை எழுதினார். நம் நிலை என்ன? வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பல ஆண்டுகளாகப் பேசுவதில்லை. திருப்பலியில் சமாதானம் தெரிவிக்கும்போது அந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் கைகூப்புகிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுமை என்பது அடி வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பதல்ல. குடிவெறியும் அந்த 15-இல் ஒன்று. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவரின் மனைவியிடம் “பொறுத்துப் போம்மா” என்று சொல்லி அனுப்புவது மறையுரை ஆகாது. அவருக்குப் பாதுகாப்புத் தேடித் தருவதே பரிவு. தன்னடக்கம் கற்க வேண்டியவர் அந்தக் கணவர்.

கனி ஒரே நாளில் காய்ப்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. விழுந்த இடத்தில் மக்கள் மறுபடியும் கன்று நட்டார்கள், பலன் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தே நட்டார்கள். முறிந்த உறவுக்கும் அந்த விசுவாசம் வேண்டும். நடுவதும் நீர் ஊற்றுவதும் நம் வேலை, விளையச் செய்பவர் கடவுள்.

இந்த வாரம் மூன்று முயற்சிகள் எடுப்போம். பலா அறுக்கும்முன் கையில் எண்ணெய் தடவுகிறோம், இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொள்ளும். அதுபோல, நைட் ஷிப்ட் முடித்து வீட்டு வாசலை மிதிக்கும்முன் ஒரு நொடி, “தூய ஆவியாரே வாரும்” என்று வேண்டுவோம். இரண்டாவதாக, பேச்சு நின்றுபோன ஒருவரிடம் நாமே முதலில் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்போம். மூன்றாவதாக, இரவில் படுக்கும்முன், “இன்று என் வார்த்தை யாருக்கு இனித்தது, யாருக்கு முள்ளாகக் குத்தியது?” என்று ஆன்ம சோதனை செய்வோம்.

எந்த மரமும் தன் பழத்தைத் தானே தின்பதில்லை. நம் கனியைச் சுவைக்க வேண்டியவர்கள் நம் வீட்டாரும் அயலாரும். அவர்கள் பசியாற நாம் கனி தர, தூய ஆவியார் நமக்குத் துணைபுரிவாராக. ஆமென்.