துருத்தி இல்லாத உலை

ஆனி, ஆடி மாதங்களில் மாவடிப்பள்ளி வெளியின்மீது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை அறியாதார் நம் கீழ்க்கரையில் இலர். அக்காற்றுக்கு உதடு வெடிக்கும். மோட்டு நிலத்துப் புல் கருகும். குடத்து நீரும் விரைவில் வற்றும். இவ்வாறு அதனை வைது தீர்க்கும் நம்மவரே, களவெட்டியில் சூடு மிதித்து முடிந்ததும் அதன் வரவை எதிர்நோக்கிக் காத்திருந்த காலமும் ஒன்றுண்டு. உயர நின்று சுளகிலிருந்து நெல்லைச் சரித்தால் பதர் அப்பாற் பறக்கும்; மணி காலடியிற் பொலியாய்க் குவியும். அறுவடை இயந்திரம் வந்தபின் இக்காட்சி அருகிவிட்டது. ஆயினும் எவ்வேளையில், எப்பக்கம் முகம்வைத்து நின்று தூற்ற வேண்டும் என்பதை நம் முதியோர் இன்றும் பிழையின்றிச் சொல்வர்.

இந்தக் கச்சான் என்பது தென்மேற்குப் பருவக்காற்றேயாம். தீவின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாய் இறங்கி நம்மை வந்தடைகின்றது. வரும் வழியில், சபரகமுவைக் குன்றுகளின்மேல், முன்னொரு காலத்தில் அதற்கு வேறொரு வேலை இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே அது இரும்புலை ஊதிற்று. இதனை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. மண்ணைத் தோண்டியும், உலோகத்தை அறுத்துப் பார்த்தும், கணினியிற் கணக்கிட்டும் விஞ்ஞானிகள் கண்ட முடிபு இது.

பலாங்கொடைக்கு அண்மையில், வளவை கங்கையை மறித்துச் சமனலவெவ அணையைக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நீர் ஏறிவிட்டால் அடியில் உள்ளவை யாவும் மறைந்துவிடும் என்பதனால், 1990ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் அப்பகுதியைத் தொல்பொருளாய்வாளர் துருவித் தேடினர். ஆய்வை நடத்தியவர் கில் ஜுலெவ் என்னும் பெண்மணி. இரும்புருக்கிய இடங்கள் அவர் கண்ணில் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்பட்டன. அவற்றுட் பல ஒரு புதுமையான வகையைச் சேர்ந்தவை. பானைபோல் வட்டமாயிராமல், குன்றின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளத்திற்கு நீண்டு, உட்புறம் அரை மீற்றர் அளவே ஆழம் கொண்ட தணிந்த உலைகள் அவை. முன்சுவரின் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. உலைகளின் முகமெல்லாம் மேற்கு நோக்கியே இருந்தது. பருவக்காற்று வந்து மோதுவது அந்தப் பக்கத்திலேதான்.

துருத்தி வைத்ததற்கான அடையாளம் இல்லை. உயர்ந்த புகைபோக்கியும் இல்லை. அங்கேதான் சிக்கல் தோன்றிற்று.

இரும்புத் தாது என்பது இரும்பும் ஒட்சிசனும் பிணைந்த கல். மரக்கரி அளவான காற்றில் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அவ்வாயு தாதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு இரும்பைத் தனியே விட்டுச் செல்கின்றது. இதற்குச் சதமளவையில் 1,200 பாகையை ஒட்டிய வெப்பம் பல மணி நேரம் குறையாது நிற்றல் வேண்டும். காற்றுக் குறைந்தால் உலை குளிரும். மிகுந்தால் பறித்த ஒட்சிசன் திரும்பவும் இரும்பைப் பற்றும். ஆதலின் உலகெங்கும் கொல்லர் தம் கையையும் காலையும் கொண்டு துருத்தியை மிதித்தனர். பலாங்கொடைப் பகுதியிற் பிற்காலத்தில் எஞ்சியிருந்த இரும்புத் தொழிலை, நம் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவரும் இலங்கைக் கனிப்பொருளாய்வின் முதற் பணிப்பாளருமான ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் விரிவாய் எழுதியுள்ளார். அவர் கண்டதும் துருத்தி உலையே. காற்று உலையின் நினைவு அதற்கு முன்னரே ஊரை விட்டு நீங்கிவிட்டது போலும். தன் விருப்பம்போல் எழுந்தும் தணிந்தும் வீசும் காற்றை நம்பிய உலை தாழ்ந்த தரத்து இரும்பையே தரவல்லது என்பதே அறிஞர் பலரின் எண்ணமாயிருந்தது.

இந்த ஐயத்தைத் தீர்த்தல் எங்ஙனம்? எழுத்துச் சான்று இல்லாதவிடத்துப் பொருளையே சாட்சிக்கு அழைக்க வேண்டியதுதான்.

முதற் சாட்சி கிட்டம். இரும்புருக்கும்போது கழிவாய் வழிந்து இறுகும் இக்கருங்கல்லை ஒருவரும் மதிப்பதில்லை. ஆராய்ச்சியாளருக்கோ அது ஒரு வெப்பமானி. பழைய கிட்டங்களிற் பெரும்பாலும் காணப்படும் பயலைற்று என்னும் இரும்புச் சிலிக்கேற்று ஏறத்தாழ 1,200 பாகையில் உருகுவது. கிட்டம் நன்றாய் வழிந்தோடிய அடையாளம் இருப்பின், உலை அவ்வெப்பத்தை எட்டிற்று என்று துணியலாம். இரண்டாவது சாட்சி உலையிற் கிடந்த கரித்துண்டு. மரம் வெட்டப்பட்ட நாள் முதல் அதிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டுக் காபன் குறைந்துகொண்டே வருகின்றது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு இவ்வுலைகள் பெரும்பாலும் கி.பி. ஏழாம் நூற்றாண்டிற்கும் பதினோராம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டவை என அறிந்தனர். அனுராதபுரத்து மன்னர் ஆட்சியின் பிற்காலம் அது.

மூன்றாவது சாட்சியாகிய உலோகத்தை விசாரிக்கும் முறை மிக அழகானது. துண்டை அறுத்து, கண்ணாடிபோல் மெருகிட்டு, நீர்த்த நைத்திரிக் கமிலத்தைத் தடவி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பர். தூய இரும்பின் மணிகள் வெளிறித் தோன்றும். காபன் ஏறிய பகுதிகள் கருமையாய், ஏடு அடுக்கியதுபோற் கோடு கோடாய்த் தோன்றும். நூற்றுக்கு 0.8 பங்கு காபன் இருந்தாற் காட்சி முழுவதும் அக்கோடுகளே நிறைந்துவிடும். 1860களில் இங்கிலாந்தின் செபீல்டு நகரத்து ஹென்றி சோர்பி தொடங்கிவைத்த இம்முறைதான் இன்றும் ஒவ்வோர் உலோக ஆய்வுகூடத்திலும் மாணாக்கர் பயிலும் முதற்பாடம். தேனிரும்பு எது, உருக்கு எது என்பதைச் சில நிமிடத்தில் அது காட்டிவிடும்.

ஆயினும் பழைய துண்டைப் பார்த்தல் மட்டும் போதாது. உலை உண்மையிற் காற்றினாலேயே எரிந்ததா என்பதை எரித்துப் பார்த்தன்றோ அறிய வேண்டும்! 1994ஆம் ஆண்டு அதே பகுதியில், அகழ்ந்து கண்ட அளவுகளின்படி புதிய உலைகளைக் கட்டினர். தாதும் கரியும் இட்டு, பருவக்காற்று வீசும் நாளிலே தீ மூட்டினர். துருத்தி கிட்ட வரவில்லை. முடிவில் உலையைப் பிளந்தபோது இரும்பு கிடைத்தது. அதனுடன் காபன் மிகுந்த நல்ல உருக்கும் கிடைத்தது. 1996ஆம் ஆண்டு தைத்திங்களில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் இச்செய்தி வெளியானபோது, பாடநூல்களிற் காணாத ஓர் உலைவகை இலங்கையிற் கண்டெடுக்கப்பட்டதை உலகம் அறிந்தது.

எரிந்தது சரி, எவ்வாறு எரிந்தது? கனன்றுகொண்டிருக்கும் உலைக்குள் ஒவ்வோர் அங்குலத்திலும் கருவியை நுழைத்துக் காற்றை அளக்க எவராலும் ஆகாது. இங்கேதான் கணக்கு உதவிக்கு வந்தது. காற்றும் நீரும் ஓடும் விதத்தைக் கூறும் சமன்பாடுகளை நாவியே, ஸ்ரோக்ஸ் என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே எழுதிவைத்தனர். எழுதுதல் எளிது, சிக்கலான வடிவங்களுக்கு அவற்றைத் தீர்த்தல் அரிது. கணினி கையாளும் உபாயத்தை நம் வயல் வெளியிலேயே காணலாம். வட்டை முழுவதிலும் நீர் பாயும் விதத்தை ஒரே கணக்கிற் போட எவராலும் இயலாது. ஆனால் ஒரு வரவைக்குள் வக்கடை வழியே எவ்வளவு நீர் வருகின்றது, எவ்வளவு அடுத்த வரவைக்குப் போகின்றது, எவ்வளவு நிற்கின்றது என்பதை எந்த வேளாண்மைக்காரரும் சொல்வார். அவ்வாறே உலையையும் அதனைச் சூழ்ந்த வெளியையும் ஆயிரக்கணக்கான சிறு வரவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் வரவு செலவுக் கணக்கை எழுதுகின்றனர். ஒன்றில் அமுக்கம் மாறினால் அயலிலும் மாறும். அயல் மாறினால் முதலாவதும் மாறும். மாற்றம் ஓயும் வரை கணினி சலியாது திரும்பத் திரும்பக் கணக்கிடும்.

எக்செற்றர் பல்கலைக்கழகத்துக் கவின் ரேபர் முதலியோர் ஜுலெவுடன் சேர்ந்து சமனலவெவ உலைக்கு இக்கணக்கைச் செய்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விடை பின்வருமாறு. காற்று முன்சுவரில் மோதித் தேங்குவதால் அங்கே அமுக்கம் கூடுகின்றது. சுவரின் உச்சியைத் தாண்டும் காற்று உலைக்குள் இறங்காமல் விலகிப் பாய்கின்றது. அதனால் உச்சிக்குச் சற்றே பின்னால், உலையின் திறந்த வாய்க்கு மேலே, அமுக்கம் குறைந்த ஓரிடம் பிறக்கின்றது. முன்னே மிகுதி, மேலே குறைவு, இரண்டிற்கும் நடுவே கரியும் களிமண் குழாய்களும். காற்று குழாய் வழியே உட்புகாமல் என் செய்யும்! ஊதும் வேலையையும் உறிஞ்சும் வேலையையும் ஒரே காற்று செய்திருக்கின்றது. களத்திற் செய்த சோதனையும் கணினியின் விடையும் ஒத்துவந்தன.

மாணாக்கர் தாமே போட்டுப் பார்க்கத்தக்க ஒரு சிறு கணக்கும் இதில் உண்டு. காற்று செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசுகின்றது என வைத்துக்கொள்வோம். ஒரு கனமீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். திணிவிற் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் 60 வரும். அதாவது சதுர மீற்றருக்கு 60 நியூற்றன் அமுக்கம். ஆறு மில்லிமீற்றர் உயரத்து நீரின் பாரமே அது! இத்துணைச் சிறிய விசை உலையை ஊதுமா என்று நகைக்கத் தோன்றும். வேகம் இரட்டித்தால் அமுக்கம் நான்கு மடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. குன்றின்மேல் ஏறும் காற்று விளிம்பிலே வேகம் கொள்கின்றது. அக்கொல்லர் சமவெளியை விட்டு விளிம்பைத் தேடிச் சென்றது வீணுக்கன்று.

ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபின் பெயரையும் குறிப்பிடுகின்றார். நம் தீவின் உருக்கு அரபு நாடு வரை புகழ்பெற்றிருந்தது என்பதற்கு அது சான்று. அவ்வுருக்கு இவ்வுலைகளிற் பிறந்ததுதானா? காலம் பொருந்துகின்றது, அதற்குமேற் சொல்லுதல் நம் கருத்தில் அவசரமாகும். பொருளை ஆராய்வோர் அவசரப்பட்டால் நேர்வது என்ன என்பதற்கு மைக்கல் பரடேயே உதாரணம். தென்னிந்திய உருக்கை அவர் 1819ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து, அலுமினியக் கலப்பே அதன் சிறப்புக்குக் காரணம் என எண்ணினார். ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தபின், அமெரிக்காவின் வேர்ஹோவன் என்பவர், வாளின்மேல் நீரலைபோல் தோன்றும் கோலத்திற்கு வனேடியம் போன்ற உலோகங்கள் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகத் தாதிற் கலந்திருந்ததே காரணம் எனக் காட்டினார். பரடேயின் அறிவிற் குறையில்லை. அவ்வளவு சிறிய கலப்பைக் காணும் கருவி அவர் காலத்தில் இல்லை.

ரேபர் 1998ஆம் ஆண்டில் மேலும் மூவருடன் சேர்ந்து விவரித்த பாய்பொருட் கணிப்பு நிரல் ஒன்று, 2004 முதல் ‘ஓப்பின்போம்’ என்னும் பெயரில் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாய் விடப்பட்டுள்ளது. மாவடிப்பள்ளியை அடுத்த சம்மாந்துறையிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. ஒலுவிலிலே பொறியியற் பீடம் உண்டு. காற்றும் கரியும் அளவறிந்து கூடவேண்டிய உலைகள் நம்மிடமும் இல்லாமலில்லை. நெல் அவிக்க ஆலைகளில் உமியை எரிக்கும் அடுப்பும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாகும். நன்கு எரிந்த சாம்பலிற் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. வெப்பம் 700 பாகைக்குள் அடங்கி, காற்றும் அளவாய்க் கிடைத்தால் அச்சிலிக்கா ஒழுங்கற்ற அணுக்கூட்டமாய் நின்று, சீமெந்துடன் கலந்து அதற்கு வலிமை சேர்க்கும். வெப்பம் மிஞ்சினாற் பளிங்காய் இறுகிவிடும். சீமெந்திற்கு அவ்வளவு பயன்படாது. எக்ஸ் கதிரைச் செலுத்தினால் முதலாவது அகன்ற மேடு ஒன்றையும், இரண்டாவது ஊசிபோன்ற கூரிய முனைகளையும் வரைபடத்திற் காட்டும். பளிங்கான தூளைச் சுவாசித்தல் நுரையீரலுக்கும் கேடு. எந்தச் சாம்பல் எவ்வகையென்று வெறுங்கண்ணாற் சொல்ல இயலாமையால், ஆலையிற் சாம்பல் அள்ளுவோர் வெறுந் துணியை நம்பாது, நுண்தூளைத் தடுக்கும் சுவாசக் கவசத்தை மூக்கும் வாயும் நன்கு மூடும்படி அணிந்துகொள்ள வேண்டும்.