பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி முதலிய ஊர்களில் வாழ்வோர், நண்பகல் வெப்பத்தால் வாடி, கீழ்த்திசையினின்று வரும் கடற்காற்றை எதிர்நோக்கியிருப்பர். ஞாயிற்றின் வெம்மையால் நிலம் கடலினும் விரைந்து சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று எழும். அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உட்புகும். மேல்காற்று வலுத்த நாளில் அது காலந்தாழ்த்து வருவதும், ஆவடியை எட்டாமலே போவதும் உண்டு. நிலத்தில் வாழ்வார்க்குக் காற்றின் வரவு இன்பம், அவ்வளவே. பாய்மரக் கப்பலில் செல்வார்க்கோ உயிரே அதன் கையில் உள்ளது.

காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தியோர் வழிவந்தவன் எனக் கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் போற்றினார். நீராவிப் பொறியும் எண்ணெய்ப் பொறியும் வந்தபின் அக்கலை மெல்ல மறைந்தது. ஆயினும் கடற்படைகளும் கடலோரக் காவல் படைகளும் பெரிய பாய்மரக் கப்பல்கள் சிலவற்றை இன்றும் பேணி, இளைஞரை அவற்றில் பயிற்றுகின்றன.

அவற்றுள் பெயர்பெற்றது அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 'ஈகிள்'. கழுகு என்பது அதன் பொருள். 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வேறு பெயரோடு கட்டப்பெற்ற அது, இரண்டாம் உலகப் போருக்குப்பின் இழப்பீடாக அமெரிக்காவைச் சேர்ந்தது. 1946-இல் அதனைக் கொண்டுசெல்ல வந்த அமெரிக்கர்க்கு அத்தகைய பாய்களைக் கையாளும் பழக்கம் இல்லை. முந்திய ஆண்டுவரை பகைவராயிருந்த ஜெர்மானிய மாலுமிகளே உடன்சென்று கற்பித்தனர். இரு நாட்டாரும் ஒரே கயிற்றைப் பற்றி இழுத்தனர். வழியில் கடும்புயலில் சிக்கியும் கப்பல் நியூயார்க்கை அடைந்தது.

ஏறத்தாழ 90 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலில் மூன்று பாய்மரங்கள் உள்ளன. முன்னிரண்டிலும், பருமல் எனப்படும் குறுக்கு மரங்களில் சதுரப் பாய்கள் தொங்கும். பின்மரத்தில் நெடுக்குப் பாய்கள் இருக்கும். பயில்வோர் ஆடவராயினும் மகளிராயினும் கயிற்றேணி வழியே ஏறி, பருமலின்கீழ்க் கட்டிய கயிற்றில் காலூன்றி, வயிற்றைப் பருமலின்மேல் சார்த்தி, காற்றில் அறையும் பாயைச் சுருட்டிக் கட்டுவர். பாதுகாப்புக் கச்சை இடையில் இருப்பினும் முதல்நாள் கால் நடுங்காதார் அரியர். அருகில் நிற்பவரோடு ஒத்து இழுத்தாலன்றிப் பாய் அடங்காது. எதிர்க்காற்றில் கப்பல் நேரே செல்லாது. இடமும் வலமும் மாறி மாறித் திரும்பி முன்னேற வேண்டும்.

இப்பயிற்சி இடரற்றது அன்று. 1957 செப்டம்பரில் 'பாமிர்' என்னும் ஜெர்மானியப் பயிற்சிக் கப்பல், வாற்கோதுமை ஏற்றி வருங்கால் அட்லாண்டிக் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 86 பேரில் 80 பேர் மாண்டனர். பலர் பயில வந்த இளைஞர். பிள்ளைகளை இங்ஙனம் அனுப்புதல் தகுமோ என்று பெற்றோர் கேட்பின் அது குற்றமாகாது. எனினும் மறு ஆண்டே, ஈகிளை ஒத்த புதிய பயிற்சிக் கப்பலொன்றை ஜெர்மனி நீரில் இறக்கியது.

இந்தியக் கடற்படையின் 'தரங்கிணி' 1997-இல் பணியேற்றது. கோவாவில் கட்டப்பெற்ற அதன் நீளம் 54 மீட்டர். தரங்கம் என்பது அலை. தரங்கம்பாடி என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் உண்டு. 2003 சனவரியில் கொச்சியினின்று புறப்பட்ட அது, உலகை வலம்வந்து 2004-இல் திரும்பியது. 2012-இல் பணியேற்ற 'சுதர்சினி' அதன் உடன்பிறப்புப் போன்றது. அவ்வாண்டிலேயே தென்கிழக்காசியத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டு, மறு ஆண்டு மீண்டது. கொச்சியிலுள்ள பயிற்சிப் பிரிவில் கடற்படையினரோடு கடலோரக் காவல் படையின் இளம் அலுவலரும் பயில்கின்றனர்.

காவல் படையினர்க்கு இக்கல்வி பெரிதும் வேண்டுவது. நடுக்கடலில் பொறி பழுதுற்ற மீன்பிடி படகு, பாயில்லாதிருந்தும் காற்றின் வழியே செல்லும். அதனைத் தேடுவோர், காற்றும் நீரோட்டமும் அதனை எத்திசையில் எவ்வளவு தொலைவு தள்ளியிருக்கும் எனக் கணித்த பின்னரே எங்குத் தேடுவது என முடிவு செய்வர். கணிப்பில் பிழை நேரின் கப்பல் ஓரிடத்தில் தேடிக்கொண்டிருக்க, படகிலுள்ளோர் வேறோரிடத்தில் குடிநீரின்றி வழிபார்த்திருப்பர்.