இளைப்பு நோயும் நாம் உறங்கும் அறையும்

ஐப்பசி மழை இறங்கியதும் குழந்தை மருத்துவர்களின் வாசலில் கூட்டம் கூடிவிடுகிறது. உம்மாவின் மடியில் மூச்சு வாங்கும் பிள்ளை, முகத்தில் மாட்டிய முகமூடி, அதிலிருந்து பனிபோல் கிளம்பும் மருந்து. அரை மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிடும். நிம்மதியாக வீடு திரும்புவார்கள். நான்கைந்து நாள் கழித்து அதே பிள்ளை, அதே வரிசை. "இந்த டாக்டர் மருந்து பிடிக்கவில்லை" என்று திருநெல்வேலியிலிருந்து மதுரை வரை போகிறவர்களும் உண்டு. பல நேரம் மருந்தில் குறை இருப்பதில்லை. மருந்து அடக்கி வைத்ததை வீடு மறுபடி கிளப்பிவிடுகிறது. அந்தப் பிள்ளை ஒவ்வோர் இரவும் எட்டு மணி நேரம் எந்த அறையில், எந்தத் தலையணையில், எந்தப் புகையில் உறங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இளைப்பு, இழுப்பு, வீசிங் என்று நாம் பல பெயர்களில் சொல்லும் ஆஸ்துமாவில், மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்டுச் சிவந்து வீங்கியே இருக்கும். வெளிப்பார்வைக்கு ஆள் நன்றாக இருக்கும் நாளிலும் இந்த வீக்கம் உள்ளே கொஞ்சம் இருக்கும். அதன்மேல் தூசியோ புகையோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி கட்டுகிறது, மூச்சை வெளியே விட முடியாமல் நெஞ்சு விசில் அடிக்கிறது. ஆஸ்துமா உள்ள பலருக்குக் காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஆகியவையும் சேர்ந்தே இருக்கும். எல்லாம் ஒரே ஒவ்வாமையின் கிளைகள்தாம். உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 8 பேரில் ஒருவர் இந்தியர் என்றும், அந்நோயால் இறப்பவர்களில் 10 பேருக்கு 4 பேருக்கு மேல் இந்தியர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. நோயின் பங்கைவிட மரணத்தின் பங்கு இத்தனை மடங்கு கூடியிருப்பது, நாம் இதை எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறோம் என்பதையே காட்டுகிறது.

வீட்டைச் சீர்செய்வது என்றதும் பெரிய செலவை நினைத்து மலைக்க வேண்டாம். முதல் வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். இரண்டு வாரம், இருமல் எப்போது வந்தது, அப்போது பிள்ளை எங்கே இருந்தது, வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள். விடியற்காலையில் மட்டும் வந்தால் படுக்கையைச் சந்தேகப்படுங்கள். வியாழன் மாலை வந்தால் சாம்பிராணியை. பெத்தம்மா வீட்டுக்குப் போன அன்று வந்தால் அங்கே பூனை இருக்கிறதா, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. உங்கள் பிள்ளைக்கு எது ஆகவில்லை என்பதே கேள்வி. அந்த நோட்டைக் கையில் கொண்டுபோனால் மருத்துவருக்கும் பாதி வேலை மிச்சம்.

புகை

எதை விட்டாலும் இதை விடக்கூடாது. தூசி சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புகை ஆஸ்துமா உள்ள எவருக்கும் ஆகாது.

கொசுவர்த்திச் சுருளிலிருந்து தொடங்குவோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வொன்று 2003ல் வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் வரும் அளவுக்குச் சமம் என்று அதில் கண்டார்கள். பச்சைக் குழந்தை படுத்திருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "வாப்பா வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதே இல்லை" என்று பெருமை பேசிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் நாம் வைப்பது அதைத்தான். மின்சாரத்தில் செருகும் திரவ மருந்தில் புகை குறைவு என்றாலும் அதன் நெடியும் சிலருக்கு இருமலைக் கிளப்பும். பழைய கொசுவலைக்கு ஈடு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை அதைத் துவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே தூசி தாங்கியாகிவிடும்.

சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு மனம் சுருக்கென்று இருக்கும். வியாழன் மாலை மஃரிபுக்குப் பின் வீடெல்லாம் மணக்கப் புகை போடுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். குளிப்பாட்டிய குழந்தையின் தலையைப் புகையில் காட்டுவதும் அப்படியே. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் இப்போது பகூரும் மின்சாரத் தூபக்காலும் கொண்டுவருகிறார்கள். மணம் விரும்பத்தக்கது, மறுக்கவில்லை. ஆனால் புகையாக வர வேண்டும் என்பது பழக்கம் மட்டுமே, கடமையன்று. ஊதுபத்தி போன்றவை எடைக்கு எடை பார்த்தால் சிகரெட்டைவிடப் பல மடங்கு துகளைக் கக்குகின்றன. இளைப்புள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் புகைக்குப் பதில் வாசலில் ஒரு கிண்ணம் மல்லிகை போதும். அத்தரும் பூசுபவரின் சட்டையோடு நிற்கட்டும், பிள்ளையின் தலையணைக்குப் போக வேண்டாம். குழந்தையின் தலை ஈரத்தைத் துண்டால் துவட்டிவிடுங்கள். இதில் மாமியாரோடு மருமகள் தனியே போராட முடியாது, வீட்டு ஆண்கள் வாய் திறக்க வேண்டும்.

சமையலறையில் வற்றல் வறுக்கும்போது, தாளிக்கும்போது பிள்ளையை வெளியே அனுப்புங்கள், சன்னலைத் திறவுங்கள். விறகடுப்பு இன்னும் இருக்கும் வீட்டில் அதைக் கொல்லைக்கு மாற்றினாலே இரவு இருமல் குறைவதைப் பார்க்கலாம். திண்ணையில் நின்று சிகரெட் பிடிப்பவர்கள் உடனே உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கும்போது, சட்டையிலும் மூச்சிலும் புகை கூடவே வருகிறது.

படுக்கை

வீட்டுத் தூசியில் ஏன் ஒவ்வாமை வருகிறது என்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அது கடிப்பதில்லை, நோய் பரப்புவதும் இல்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அதன் எச்சம் பொடியாகி மூச்சில் ஏறும்போதுதான் தொல்லை. தண்ணீர் குடிக்காத இந்த உயிர், காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. மழைக்கால ஈரக்காற்று அதற்கு விருந்து.

பத்து ஆண்டுகளாக உறை மாற்றி உறை போட்டு வைத்திருக்கும் இலவம்பஞ்சுத் தலையணை அதன் கோட்டை. கல்யாணச் சீராக வந்தது என்று தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருப்போம். பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து அதை முதலில் எடுங்கள். துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சுத் தலையணை போதும். உறை, விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டு நீரில், ஏறத்தாழ 60 டிகிரியில், ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துவைக்காமல் வெயிலில் மட்டும் போட்டால் உண்ணி ஓரளவு சாகும், எச்சம் அப்படியே இருக்கும். துணிப் பொம்மையைத் துவைக்க முடியாவிட்டால் ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு நன்றாக உதறுங்கள். கனத்த திரைச்சீலை, பஞ்சு போன்ற கம்பளம், வெல்வெட் தொழுகை விரிப்பு ஆகியவை படுக்கை அறைக்கு வேண்டாம். முசல்லா மெல்லிய பருத்தியாக இருந்தால் மற்றத் துணிகளோடு துவைத்துவிடலாம்.

நம் பக்கத்துப் பத்தமடையைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர், நெய்கிறவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பத்தினர். அந்தப் பாயில் உண்ணி ஒளியப் பஞ்சு கிடையாது, துடைக்கலாம், வெயிலில் நிமிர்த்தலாம், சுருட்டலாம். அதை விட்டுவிட்டுத் தவணையில் கனத்த மெத்தை வாங்கிய பிறகு, மெத்தைக்குத் தனியாக இறுக்கமான உறை தேடி அலைகிறோம்! பாய் கிழிந்து பூசணம் பிடித்திருந்தால் அதுவும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ரமலானுக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்து வெள்ளையடிப்போம். ஆண்டில் ஒருமுறை கிளம்பும் அந்தத் தூசி முழுவதும் பிள்ளையின் நெஞ்சுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பிள்ளையை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்ண நெடி போன பிறகு அழைத்துவரலாம். அன்றாடம் பெருக்கும்போதும் வறட்டு விளக்குமாற்றால் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மின்விசிறி இறக்கைகளையும் மறக்க வேண்டாம். பீரோவில் மடித்து வைத்த கம்பளியில் பாச்சா உருண்டை நெடி இருந்தால், இரண்டு நாள் வெயிலில் போடாமல் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள்.

ஈரம், கரப்பான், பூனை

மழைக்காலத்தில் சுவர் ஓரம் கறுப்பாகப் படரும் பூசணத்துக்குமேல் பெயின்ட் அடிப்பதால் பயனில்லை. ஒழுகும் குழாயையும் மாடியின் விரிசலையும் அடைத்த பிறகுதான் சுவரைச் சுரண்டிக் கழுவ வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் காது கொடுக்க மாட்டார். அப்போது அந்த ஈரச் சுவரை ஒட்டிப் படுக்காமல் கட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்துவதே உடனடி வழி. ஈரத்துணியைப் படுக்கை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதையும் நிறுத்துங்கள்.

கரப்பானின் எச்சமும் உதிர்ந்த ஓடும் ஒவ்வாமை தரும். தெளிப்பு மருந்தின் நெடியே இளைப்பை வரவழைக்கும் என்பதால், மூலையில் வைக்கும் பசை மருந்தும் இரவில் பாத்திரம் கழுவி வைப்பதும் மேல். பூனையை நம் பிள்ளைகள் எவ்வளவு நேசிப்பார்கள் என்பது தெரியும். அதன் முடியைவிட எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதமே காரணம் என்பதால், பூனையை வெளியே அனுப்பினாலும் வீட்டில் அது மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். பூனைதான் காரணம் என்று நோட்டும் மருத்துவரும் உறுதிப்படுத்தாமல் அவசரப்பட வேண்டாம். படுக்கை அறைக்குள் விடாமல் இருப்பது முதல் படி.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் கொஞ்சம்தான். அமெரிக்காவின் ஏழு நகரங்களில் ஆஸ்துமா உள்ள 937 ஏழைக் குழந்தைகளின் வீடுகளில், அந்தந்தக் குழந்தைக்கு ஆகாததைக் கண்டறிந்து, படுக்கை, புகை, கரப்பான், ஈரம் என ஒன்றாகச் சீர்செய்து பார்த்தார்கள். 2004ல் வெளியான அந்த ஆய்வில், இளைப்பு வந்த நாட்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. மெத்தை உறையை மட்டும் மாற்றிப் பார்த்த வேறு ஆய்வில் பெரியவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

பீடி சுற்றும் வீடுகள்

மேலப்பாளையத்திலும் தென்காசிப் பக்கத்திலும் பல வீடுகளில் பீடித் தட்டுதான் அடுப்பை எரிய வைக்கிறது. "புகையிலையை வீட்டுக்குள் வைக்காதீர்கள்" என்று எழுதிவிட்டுப் போவது எளிது, அந்த வீட்டில் இருப்பதோ ஒரே அறை. நடக்கக்கூடியதைச் சொல்கிறோம். தூளை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள், திறந்த பையில் தலைமாட்டில் வைக்க வேண்டாம். முடிந்த அளவு வாசலிலோ மாடியிலோ உட்கார்ந்து சுற்றுங்கள். இளைப்புள்ள பிள்ளையை இலை வெட்டவோ நூல் கட்டவோ பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். மடியில் ஒரு பழைய துணியை விரித்துச் சுற்றி, எழுந்ததும் அதை வெளியே உதறி, கை கழுவிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். படுக்க விரிக்கும் முன் தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருப்பவர்கள், அதன் மருத்துவ உதவியையும் பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பெற வேண்டும்.

இன்ஹேலர்

வீட்டைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. "இன்ஹேலர் தொடங்கினால் விட முடியாது, மாத்திரையே போதும்" என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: சால்புட்டமால் இன்ஹேலரின் ஒரு இழுப்பில் 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் அதைப்போல் 40 மடங்கு. இன்ஹேலர் போக வேண்டிய இடத்துக்கு நேரே போவதால் சிறு அளவே போதுமானது. சால்புட்டமால் அப்போதைய இறுக்கத்தைத் தளர்த்தும். உள்வீக்கத்தை ஆற்றுவது புடெசோனைடு போன்ற அன்றாட மருந்து. தளர்த்தும் மருந்தை மட்டும் அடிக்கடி எடுத்து, ஆற்றும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் ஆபத்தான வழக்கம். விலை பாரமாக இருந்தால் மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். அன்றாட இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஃபஜ்ருக்கு உளூச் செய்யும் முன் எடுத்தால் அது தானாக நடந்துவிடும். நோன்பு காலத்தில் சஹரிலும் இஃப்தாரிலும் வரும்படி நேரத்தை மாற்றித் தர மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோன்பில் இன்ஹேலர் எடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. ஆனால் மூச்சு திணறும்போது அந்த விவாதத்துக்கு நேரமில்லை. உடனே எடுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, பிறகு களாச் செய்துகொள்ளலாம்.

பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. நாளை சம்பந்தம் பேசும்போது பேச்சு வந்துவிடும் என்று வயது வந்த பெண்ணின் இன்ஹேலரை மறைக்கிறார்கள். கல்யாணமாகிப் போன வீட்டிலோ சாம்பிராணியும் புது மெத்தையும் காத்திருக்கின்றன. கேட்டு வாங்க வாயில்லாமல் அந்தப் பெண் நடு இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்துமாவோடு படிக்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம். முறையாக மருந்து எடுத்தால் கர்ப்பத்திலும் தாய்க்கும் சிசுவுக்கும் அதுவே பாதுகாப்பு. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிக்காஹுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், மருந்தும் அவளோடு போகட்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கு உள்ளே குழிகிறது, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். மருத்துவர் எழுதித் தந்தபடி ஸ்பேசர் வழியாக மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். இன்ஹேலரையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.