குறி தவறிய அம்பு எங்கே போகும்?

புதுச்சேரியில் வெயில் தாழ்ந்த நேரத்தில், மண் தரையில் நாலைந்து பேர் குனிந்து நின்று எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், காசைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெத்தாங் நடக்கிறது! பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் ஊரை விட்டுப் போகாத விளையாட்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ‘சொல்தா’ தாத்தாக்களின் செல்ல விளையாட்டும் இதுதான்.

விதி ரொம்ப எளிது. சின்ன மரக்குண்டு ஒன்றை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் எறிவார்கள். அதற்கு மிக அருகில் யாருடைய இரும்புக்குண்டு போய் உட்காருகிறதோ அந்த அணிக்குப் புள்ளி. 13 புள்ளி எடுத்தால் ஜெயம். அணியில் ஒருவர் குண்டை நைசாக உருட்டி ‘வைப்பவர்’. இன்னொருவர், எதிராளியின் குண்டைத் தூரத்திலிருந்தே எறிந்து ‘அடிப்பவர்’. வம்பு வருவது இந்த இரண்டாமவரால்தான்.

வைப்பவர் அழகாக வைத்துவிட்டார். மரக்குண்டிலிருந்து ஒரு சாண் தூரம். அதற்கு நாலு விரல் பின்னால் எதிராளியின் குண்டு. அதைத் தூக்கிவிட்டால் இன்னும் நல்லது என்று அடிப்பவர் குறி பார்க்கிறார். எறிகிறார். கை ஒரு நூல் பிசகுகிறது. ‘டங்’கென்று பறந்து போவது சொந்தக் கூட்டாளியின் குண்டு! எதிராளி ஒன்றுமே செய்யாமல் முன்னிலைக்கு வந்துவிட்டார். ‘தெரியாமல் பட்டுவிட்டது’ என்று குண்டைத் திருப்பி வைக்கவும் முடியாது. அடிபட்ட குண்டு எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் புது இடம். 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள இரும்புக்கு நண்பன், எதிரி என்ற வித்தியாசம் தெரியாது.

போர்க்களத்தில் இதற்கு ‘ஃப்ரெண்ட்லி ஃபயர்’ என்று பெயர். நம் ஆள் விட்டது நம் ஆள் மேலேயே படுவது. மண் தரையில் இரும்புக்குண்டு எறியும்போது இதைப் பற்றி வாக்குவாதமே தேவையில்லை; பட்டது பட்டதுதான். ஆனால் குண்டும் இல்லை, அம்பும் இல்லை, எல்லாமே கற்பனை என்றால்? தவறிய அம்பு யார் மேல் பட்டது என்று யார் சொல்வது?

இந்தக் கேள்வியோடு 50 வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது ஒரு மேஜை விளையாட்டு.

பகடை சொல்லும் கதை

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு முதல் எபிசோட் ஞாபகம் இருக்கும். நாலு பசங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ‘நெருப்புப் பந்தை வீசு’ என்று கத்துவார்கள். வில் உருட்டும் பகடை மேஜையிலிருந்து தெறித்து விழும். அவர்கள் ஆடுவதுதான் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள் வீரர், வில்லாளி, மந்திரவாதி. நம் தாயக்கட்டைக்கு நாலு முகம் என்றால், இதில் முக்கியமான பகடைக்கு 20 முகம். அதில் விழும் எண்தான் உங்கள் அம்பு பட்டதா இல்லையா என்று சொல்லும்.

இப்போது ஒரு காட்சி. குறுகலான குகை. வாள் வீரர் ஒரு பூதத்தோடு கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் வில்லாளி அம்பு விட வேண்டும். நடுவில் நண்பரின் முதுகு. பகடை சரியாக விழவில்லை. அம்பு தவறிவிட்டது. சரி, அது போய் விழுந்தது எங்கே?

1979-ல் வந்த விதிப்புத்தகத்தின் பதில் கறாரானது. கைகலப்புக்குள் அம்பு விட்டால், யார் மேல் படும் என்பதையே பகடைதான் முடிவு செய்யும். உருவம் பெரிதாக இருந்தால் படுகிற வாய்ப்பும் அதிகம். பூதமும் நண்பரும் ஒரே சைஸ் என்றால் பாதிக்குப் பாதி! இப்படி ஒரு விதி இருந்தால் யார்தான் அம்பு விடுவார்கள்?

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இறங்கி வந்தது. நண்பர் சண்டையில் சிக்கியிருந்தால், அவர் மேல் படாமல் பார்த்து விடுவதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கவனத்துக்கு விலையாக வில்லாளியின் எண்ணில் 4 குறையும். பயிற்சி எடுத்தவர் என்றால் அந்த 4-ம் குறையாது. யோசித்துப் பார்த்தால் இதுதான் மனுஷத்தனமான விதி. நண்பர் மேல் பட்டுவிடுமோ என்ற பயத்தில் கை நடுங்கத்தானே செய்யும்?

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், நடுவில் ஆள் நின்றால் எதிரிக்குப் பாதி மறைவு. அதாவது அவரை அடிக்கத் தேவையான எண்ணில் 2 கூடும். தவறினால் அம்பு காற்றில் கரைந்துவிடும். யாருக்கும் காயமில்லை. ஆனால் அதே பதிப்பில், கதை நடத்துபவருக்கான புத்தகத்தில், ‘வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு விதி ஒளிந்திருக்கிறது. பூதத்தை அடிக்க 15 வேண்டும். நண்பர் மறைப்பதால் 17. உங்களுக்குக் கிடைத்த மொத்தம் 16. நண்பர் மட்டும் நடுவில் இல்லையென்றால் பட்டிருக்கும். எனவே அம்பு அவரை நோக்கித்தான் போயிருக்கிறது! அவர் கவசத்தின் எண் 18 என்றால் அம்பு பட்டுத் தெறித்துவிடும். 14 என்றால், ஸாரி நண்பா.

எல்லோரையும் சுடும் நெருப்பு

அம்பாவது ஒரு ஆள் சமாச்சாரம். மந்திரவாதியின் நெருப்புப் பந்து அப்படியில்லை. இப்போதைய விதியில் வெடித்த இடத்திலிருந்து 20 அடி சுற்றளவில் யார் நின்றாலும் சூடு உண்டு. பழைய விதியில் அது இன்னும் மோசம். சுமார் 33,000 கன அடி இடத்தை நெருப்பு நிரப்பியே தீரும். 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள குகைப்பாதையில் வீசினால் 330 அடி நீளத்துக்கு நெருப்பு! எதிரியை எரித்துவிட்டு, வீசியவரையும் தேடி வரும். பெருக்கல் கணக்கு தெரியாத மந்திரவாதி கூட்டத்தோடு கருகிய கதை அந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடம் ஏராளம்.

வெறும் பேப்பர் ஆட்டம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு பாத்திரத்தை வாரா வாரம் உட்கார்ந்து ஒரு வருடம், இரண்டு வருடம் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது எதிரி கையால் செத்தால் வீரமரணம். பக்கத்து நாற்காலியில் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நண்பன் விட்ட அம்பில் செத்தால்? அடுத்த வாரம் அந்த மேஜைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது சந்தேகம்தான்.

கூத்து மேடையின் 14-ம் நாள்

இந்தக் கவலை அமெரிக்காவில் பிறந்ததல்ல. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்குப் பாரதப் போர் அத்துப்படி. 14-ம் நாள், சூரியன் மறைந்தும் போர் நிற்கவில்லை. இருட்டில் யார் கௌரவர், யார் பாண்டவர் என்று தெரியாமல் சொந்தப் படையையே வெட்டிச் சாய்க்கிறார்கள். அதன் பிறகுதான் துரியோதனன் காலாட்படையின் கையில் விளக்கைக் கொடுக்கிறான். அதே இரவில் கர்ணனின் சக்தி ஆயுதம் பட்டுச் சாயும் கடோத்கஜன், மலைபோல் வளர்ந்து கௌரவர் படை மேலேயே விழுந்து அதை நசுக்குகிறான். நம் ஆள் மேல் விழாமல் பார்த்து விழுந்த அந்தச் சாமர்த்தியம் நெருப்புப் பந்துக்கு இல்லை.

சுருதாயுதன் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வருணன் கொடுத்த கதாயுதம் அவனிடம் இருந்தது. போரிடாதவர் மேல் எறிந்தால் எறிந்தவனையே கொல்லும் என்பது நிபந்தனை. ஆத்திரத்தில் அதைத் தேரோட்டி கிருஷ்ணர் மேல் எறிந்தான். அது திரும்பி வந்து அவனையே முடித்தது. எந்த விதிப்புத்தகமும் இவ்வளவு கடுமையாகப் போனதில்லை!

புதிதாக ஆட ஆரம்பிக்கும் பசங்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது ஒன்றுதான். முதல் பகடை உருளும் முன்பே, ‘தவறிய அம்பு நம் ஆளைத் தைக்குமா, தைக்காதா?’ என்று பேசி முடிவு செய்துவிடுங்கள். நண்பர் ரத்தம் சிந்திய பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினால், எந்தப் பக்கம் திறந்தாலும் சண்டைதான். தைக்கும் என்று முடிவானால் வில்லாளிக்கு வேறு வழி இருக்கிறது. வரைபடத்தில் ஒரு கட்டம் என்பது 5 அடி. ரெண்டு கட்டம் தள்ளி நின்றால் நண்பரின் முதுகு குறுக்கே வராது. நகர இடமே இல்லாத குகை என்றால், அம்பு விடுவதற்கு முன், “மச்சி, கொஞ்சம் குனி” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.