கியர்பாக்ஸை இறக்கும் முன்: அம்பாசடர் கியர் சத்தம்

பழைய அம்பாசடரை வைத்துப் பிழைப்பு நடத்துகிற சகோதரர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கியர் மாற்றும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால், "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று பட்டறையில் சொல்லிவிடுகிறார்கள். இறக்கி ஏற்றும் கூலி, சாமான் செலவு, வண்டி நிற்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பாத்தியமே போய்விடக்கூடும். இறக்கிப் பார்த்தால் பாக்ஸ் நன்றாக இருக்கும், சத்தம் அப்படியே இருக்கும். இந்த வீண் விரயத்தைத் தவிர்க்கவே இதை எழுதுகிறோம்.

1990களில் வந்த இசுசு எஞ்சின் வண்டிகளில் கியர் தரைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய அம்பாசடர்களில் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கும். கையில் பிடிக்கும் லீவர் ஒரு இடம், கியர்பாக்ஸ் வேறொரு இடம். தண்டை ஒட்டி இறங்கும் நீளக் கம்பி, அதன் அடியில் கைகள், அங்கிருந்து பாக்ஸுக்குப் போகும் இணைப்புகள் என ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின்னும் புஷ்ஷும் இருக்கும். ஒரு மூட்டில் நூலளவு தேய்மானம் பெரிதல்ல. ஐந்தாறு மூட்டில் அப்படித் தேய்ந்தால் லீவரின் நுனியில் அது சாண் ஆட்டமாகத் தெரியும். அந்த ஆட்டம்தான் எஞ்சின் அதிர்வில் சத்தம் போடுகிறது.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். சத்தம் வரும்போது லீவரைக் கையால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றால் அது இணைப்பின் ஆட்டம். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் உறுமல் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங்கையும், மிதித்த பிறகுதான் சத்தம் தொடங்கினால் கிளட்ச் பேரிங்கையும் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கியரில் ஓடும்போது மட்டும் வருகிற சத்தம் பெரும்பாலும் பாக்ஸுக்குள் இருக்கும் பற்களுடையது. இன்னொன்று: பழைய நாலு கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருளும்போதே முதல் கியரைத் திணித்தால் பல் கடிக்கத்தான் செய்யும், அது பழுது அல்ல.

இணைப்பு என்று தெரிந்தால் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பானட்டைத் திறங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெதுவாக அசைக்க, மற்றவர் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் சற்றுத் தாமதித்து அசைந்தால் அந்த மூட்டுதான் தேய்ந்தது. கீழே படுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

கழற்றும் முன், மரை உள்ள கம்பிகளில் நட் எந்த இடத்தில் இருக்கிறது என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு, பிறகு கியர் விழவில்லை என்று அரை நாள் திண்டாடுகிறவர்கள் உண்டு. பின்னை எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவில் பள்ளம் தட்டுப்பட்டால் அதை மாற்ற வேண்டும். துளை முட்டை வடிவமாகியிருந்தால் புது புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை, சில வாரங்களில் பழைய சத்தம் திரும்பிவிடும். லேத்தில் கொடுத்துத் துளையை உருட்டி, பித்தளை புஷ் இறக்குவதே சரி. சிலர் சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகுகிறார்கள். ஊர் போய்ச் சேர அது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அராவும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகே புது கிரீஸ் வையுங்கள். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸும் மண்ணெண்ணெயும் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். மாட்டும்போது ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும். மலைப்பாதையில் அது உடைந்து விழுந்தால் கம்பி கழன்று, கியர் மாற்றவே முடியாமல் போகும்.

எல்லா மூட்டும் சரியாக இருந்தும், ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் லீவர் துள்ளுகிறதா? எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். லீவர் பாடியோடு நிற்கிறது, கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஆடுகிறது. ரப்பர் செத்துப்போனால் அந்த ஆட்டம் முழுவதையும் நடுவிலுள்ள கம்பிகள்தான் வாங்குகின்றன.

பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்று இன்னமும் சொன்னால், மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: எஞ்சினை அணைத்துவிட்டு, பாக்ஸ் பக்கம் இணைப்பைக் கழற்றி, அங்குள்ள லீவரைக் கையாலேயே அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'டக்' என்று இறுக்கமாக விழுந்தால் கியர் மாற்றும் பாகத்தில் கோளாறு இல்லை. ஒரு கியர் உடனே விழாவிட்டாலும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம், பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருக்கலாம். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி அசைக்கச் சொல்லுங்கள்.